ஆறு வோல்ட் ஹோண்டா சி70: சிங்கப்பூர் சாலையில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

இந்தச் சிறிய மோட்டார்சைக்கிளின் 72 சிசி எஞ்சின் லேசில் சாகாது. இங்கே வண்டியைப் படுக்க வைப்பது மின்சாரமும் துருவும்தான். வாங்கப் போகிறவர்கள் கம்ப்ரஷனுக்கு முன்னால் வயரிங்கைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டையும் பின் மட்கார்டின் உட்பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளுக்குப் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆறு வோல்ட் மேக்னட்டுக்கு அது பெரிய சுமை. சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் மங்குவது இயல்பு, கோளாறு இல்லை. ஆனால் ஹெட்லைட் பல்ப் ஃபியூஸ் ஆனால் வோல்டேஜ் ஏறி, பின்னாலேயே டெயில் லைட்டும் போகும். அதைக் கட்டுப்படுத்தத் தனி ரெகுலேட்டர் கிடையாது. பல்ப் இழுக்கும் சுமைதான் கட்டுப்பாடு. அதனால் அதே வாட் பல்பையே போடுங்கள். வெறும் எல்இடியை மாட்டினாலும் இதே கதிதான்.

மின்பொறி கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறு சுவிட்சான பாயிண்ட்தான் இந்த வண்டியின் உயிர். இடைவெளி 0.3 முதல் 0.4 மிமீ. மேக்னட்டை இடஞ்சுழியாகத் திருப்பி, அதிலுள்ள எஃப் கோடு எஞ்சின் குறிக்கு நேரே வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டின் குதி (சுழலும் கேம் மீது உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கும். எஞ்சின் சூடாகி, மேட்டில் இழுவை குறையும். பலர் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து அதிலுள்ள ஜெட்டை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) நோண்டுகிறார்கள். வீண் வேலை. சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பினால் முதல் சந்தேகம், பாயிண்ட் முனை கருகாமல் காக்கும் கண்டென்சர். பாயிண்ட் முனை கருகியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மலிவான நகல் பாயிண்ட்களின் குதி சீக்கிரம் தேயும்; பழைய ஒரிஜினல் கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் மேக்னட் கவர் கேஸ்கெட்டையும் சரிபாருங்கள், ஈரம் நுழைவது அங்கேதான்.

டேப்பெட் (வால்வு) இடைவெளி இரண்டுக்கும் 0.05 மிமீ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மேக்னட்டின் டி கோட்டில் வைத்து. ஆயில் சுமார் 0.8 லிட்டர். டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து அளவு பாருங்கள். கிளட்சும் அதே ஆயிலில் நனைவதால் கார் ஆயில் ஊற்றினால் வழுக்கலாம். மோட்டார்சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ முத்திரை இருக்கட்டும். கியர் மாற்றும்போது வண்டி குலுங்கினால் கிளட்ச் லாக்நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்று விட்டு, லேசாகத் தடுக்கும்வரை இடப்பக்கம் திருப்பி, மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று கொடுத்து லாக்நட்டை இறுக்குங்கள்.

முன் பிரேக் பிடித்தால் மூக்கு மேலே எழும். லீடிங் லிங்க் (சக்கர அச்சு கீலுக்கு முன்னால் இருக்கும் முன் சஸ்பென்ஷன்) அமைப்பின் குணம் அது, பழகிவிடும். பிஐஇ போன்ற விரைவுச்சாலைக்கு மட்டும் இந்த வண்டி சரிவராது. லாரிக்கு முன்னால் அறுபதில் போவதில் சுகமே இல்லை.

விலை பேசுமுன் பதிவுத் தேதியைக் கேளுங்கள். 2003 ஜூலை 1-க்கு முன் சாதாரணமாகப் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30 வரைதான் இங்கே சாலையில் ஓடலாம். கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவற்றை ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே ஓட்ட முடியும். தினமும் வேலைக்குப் போக வண்டி தேடுகிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் காசை எடுங்கள்.