மேல்முறையீட்டுக்கு இந்த வக்கீல் அலுவலகத்துக்குத் தாராளமாகப் போகலாம்

ஒப்பந்தத்தை மீறிய சப்ளையர் மீது போட்ட வழக்கில் ஜெயித்தும், லாப இழப்பை மட்டும் கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டதால் மேல்முறையீட்டுக்கென்றே ஒரு வக்கீலைப் பிடித்தோம். "தொகை குறைவு என்பது மட்டும் காரணமாகாது" என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொன்னார், அதுவே பிடித்துப்போனது. சாட்சிகளை நேரில் பார்த்தவர் கீழ் நீதிபதி, அதனால் அவர் முடிவு செய்த உண்மைகளில் மேல் நீதிமன்றம் லேசில் கை வைக்காது. ஆனால் நஷ்டத்தை அளந்த சட்ட விதியே தப்பென்றால் புதிதாகப் பார்க்கும்.

அப்புறம் 1854-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பேக்சன்டேல் வழக்கை விளக்கினார். ஆலையின் உடைந்த கிராங்க் தண்டை (எந்திரத்தைச் சுழற்றும் அச்சு) ஏற்றிக் கொண்டுபோன சரக்குப் போக்குவரத்துக்காரர்கள் தாமதம் செய்தார்கள், ஆனால் அதனால் ஆலையே நின்றுகிடக்கும் என்ற விவரம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்று நீதிமன்றம் கருதியதால் லாப இழப்பு கிடைக்கவில்லை. எங்கள் சப்ளையருக்கோ, ஒப்பந்தம் மீறப்பட்டால் லாபம் போகும் என்று முன்கூட்டியே மெயிலில் எழுதியிருந்தோம், அதை விசாரணையிலேயே சான்றாவணமாகக் குறியீடு செய்திருந்தது பெரிய நிம்மதி, மேல்முறையீட்டில் புது ஆதாரம் சேர்ப்பது குதிரைக்கொம்பு. இழப்பை மறுபடி கணக்கிடச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரே குறை, ஃபோனை எடுக்கவே மாட்டார்கள். நேரில் போய்விடுங்கள், தீர்ப்பு நகலோடு சாட்சிய ஆவணங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு.