58,800 ரூபாய் கேமிங் பிசி: மூன்றரை வருடம் கழித்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எல்டன் ரிங் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டப்' என்று ஒரு சத்தம். திரை அணைந்தது, ஃபேன்கள் நின்றன, கருகின வாடை அறை முழுக்கப் பரவியது. பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று மூக்குக்கே தெரிந்தது. ஐந்து வருட வாரண்டி இருந்ததால் கம்பெனிக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. திறந்து வைத்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், கெபாசிட்டர்களுக்கு நடுவில், ஒரு குட்டிப் பல்லி கருகிக் கிடந்தது. பூச்சி, பல்லி, எலியால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கூடவே ஒரு வரி. 3,900 ரூபாய் கொடுத்து வேறு வாங்கிப் போட்டேன்.

அதே வாரம் தம்பியின் சிநேகிதன் போன் செய்தான். "அக்கா, அறுபதாயிரத்துக்குள்ள கேம் ஆட ஒரு பிசி போடணும். உங்களோடது சூப்பரா ஓடுதுன்னு இவன் சொல்றான். அதையே அப்படியே போட்டுடலாமா?"

நன்றாக ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியே போடு என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில் காட்பாடியில் ரயிலேறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நானும் தம்பியும் ஒரு பகல் முழுக்க அலைந்து வாங்கியது இது. ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி450 மதர்போர்டு, எட்டும் எட்டுமாக 16 ஜிபி டிடிஆர்4 ராம், 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ், இதையெல்லாம் மாட்டி வைக்கும் பெட்டியான கேபினட் எல்லாம் சேர்த்து 36,300 ரூபாய். மானிட்டர் வீட்டிலேயே இருந்தது. கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் விட்டது யோசித்துச் செய்ததுதான். கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் செய்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போனதில் எகிறிக் கிடந்த கார்டு விலை, அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ காசு மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அதற்கு அப்புறம் பழைய கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. ஆர்எக்ஸ் 580 என்ற பழைய கார்டு சல்லிசாகக் கிடைத்தது. இரவு பகலாக எத்தனை மாதம் ஓடிய கார்டோ என்று வாங்கத் துணியவில்லை. 2023 பிப்ரவரியில் ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றைப் புதிதாக 22,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஆக மொத்தம் 58,800.

கார்டு இல்லாத அந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 5600ஜியின் பலமே அதற்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ்தான். தம்பி வாலரண்ட் மட்டும் ஆடுவான். படத் தரத்தையெல்லாம் குறைத்து வைத்தால் 1080பி, அதாவது முழு எச்டி தெளிவில், நூறு எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு நூறு படம்) மேலேயே ஓடியது. எனக்கு ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆட வேண்டும். 720பியில், எல்லாம் லோவில், முப்பதைத் தொட்டுத் தொட்டு ஓடும். பனி மலையைப் பார்த்தால் உப்பைக் கொட்டி வைத்தது போல இருக்கும். இருந்தாலும் முதல் இரண்டு அத்தியாயங்களை அதிலேயே முடித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. ராம் பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தது. பிசியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பி என்று ஒரு அமைப்பு உண்டு, அதை நாமே போய் ஆன் செய்யாவிட்டால் ராம் அடிப்படை வேகத்திலேயே கிடக்கும். அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் அதைச் செய்யவும் இல்லை, சொல்லவும் இல்லை. தனிக் கார்டு இருந்தால் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப்புக்கு அப்படி இல்லை. அதற்கென்று தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆன் செய்த அன்றே ஜிடிஏ 5 நாற்பது சொச்சத்திலிருந்து ஐம்பதைத் தாண்டியது. ராமை ஒரே குச்சியாக 16 ஜிபி வாங்காமல் இரண்டாக வாங்கியதற்கும் இதே காரணம்தான். இரண்டு குச்சி இருந்தால் இரண்டு வழியாகவும் தரவு போகும்.

கார்டு வந்த பிறகு எல்லாமே மாறியது. ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட்தான், ஒரே ஒரு எட்டு பின் இணைப்பு போதும். அதனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே ரெட் டெட் 1080பியில் அறுபதுக்கு மேல் ஓடியது. பனி பனியாகத் தெரிந்தது. முதல் ஊரிலிருந்து மறுபடி தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்தேன். எல்டன் ரிங்கை அந்தக் கேமே அறுபதில் நிறுத்தி வைத்திருக்கிறது. பெரும்பாலும் அந்த அறுபதை விட்டு இறங்காது. கார்டும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐஇ, 5600ஜியில் பழைய 3.0தானே, கார்டோ எட்டு வழியில் மட்டும் ஓடுகிறதே என்று பலர் பயமுறுத்தினார்கள். கார்டில் 8 ஜிபி மெமரி இருப்பதால் நான் ஆடும் கேம்களில் அது இடிக்கவே இல்லை. இதையே நம்பி யாரும் 6500 எக்ஸ்டி கார்டு பக்கம் போய்விட வேண்டாம். அது நாலே வழி, 4 ஜிபி. அங்கே இந்தப் பயம் நிஜம்.

இவ்வளவு சொல்கிறேன், அப்புறம் ஏன் வாய் வரவில்லை? கேபினட்.

முன்பக்கம் முழுக்க டெம்பர்டு கிளாஸ். அதன் பின்னால் மூன்று வண்ண விளக்கு ஃபேன்கள். கடையில் அடுக்கி வைத்திருந்தபோது பூஜை அறை மாதிரி ஜொலித்தது. அதற்குப் பக்கத்திலேயே முன்புறம் வலை வைத்த ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, விளக்கு கிடையாது, 200 ரூபாய் குறைவு. நானும் தம்பியும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. மூன்று ஃபேனும் காற்றை உறிஞ்ச வேண்டிய வழி அது மட்டும்தான். கையை வைத்துப் பார்த்தால் காற்று உள்ளே போவதே தெரியாது. அந்த ஃபேன்களை மதர்போர்டில் செருகவும் முடியாது. நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் எடுத்து, எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். டைப் அடிக்கும்போதும் அதே இரைச்சல், கேம் ஆடும்போதும் அதே இரைச்சல். காற்று மட்டும் இல்லை.

எங்கள் ஊர் வேலூர். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். என் அறையில் ஏசி இல்லை. மே மாதம் மத்தியானம் அறைக்குள்ளேயே 37, 38 இருக்கும். விமர்சன வீடியோக்களில் கேபினட்டைச் சோதிப்பது பெரும்பாலும் இருபத்து சொச்சம் டிகிரி அறையில். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் சிப்பின் சூட்டில் கூடும். அங்கே 75 என்று காட்டுவது என் மேஜையில் 88, 90. நான் அளந்தவரைக்கும் கண்ணாடியை மூடி வைத்து ஒரு மணி நேரம் ஆடினால் 5600ஜி 91 டிகிரி, கார்டின் ஹாட்ஸ்பாட், அதாவது அதன் சிப்பில் அதிகம் சுடும் இடம், 103. பிராசஸரின் எல்லை 95, கார்டுக்கு 110. எல்லையைத் தாண்டவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பிராசஸரோடு வந்த சின்ன கூலர் அந்தச் சூட்டில் போடும் சத்தத்தை ஹெட்போனுக்கு மேலேயும் கேட்கலாம். அம்மா பக்கத்து அறையிலிருந்து மிக்சி ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

அதனால் முதல் கோடையிலேயே பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டேன். பிராசஸர் 80க்கு இறங்கியது, ஹாட்ஸ்பாட் 90. அப்படியே மூன்று வருடமாகத் திறந்தே கிடந்தது. தூசி வரும், மாதம் ஒருமுறை ஊதுவேன். ஒருமுறை எறும்புச் சாரை போனது, துடைத்தேன். பல்லி வரும் என்று மட்டும் நினைக்கவில்லை. அது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் கிரில் வழியாக உள்ளே போயிருக்கிறது. கதவை மூடி வைத்திருந்தால் அநேகமாகப் போயிருக்காது. கதவை மூட முடியாமல் செய்தது கண்ணாடி. என் மனதில் இந்த 3,900 ரூபாயும் அந்தக் கேபினட்டின் கணக்கில்தான் ஏறியிருக்கிறது.

வாரண்டி மறுத்தவர்கள் மேல் இரண்டு நாள் கோபம் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. அதோடு அந்த எஸ்எம்பிஎஸ் செத்தபோது கூட வேறு எதையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. மதர்போர்டு, கார்டு, டிஸ்க் எல்லாம் பிழைத்தன. கேபினட்டோடு இலவசமாகவே ஒரு எஸ்எம்பிஎஸ் தருகிறோம் என்று அன்றைக்கு ஒரு கடையில் சொன்னார்கள். அதை எடுத்திருந்தால் 22,500 ரூபாய் கார்டும் சேர்ந்து கருகியிருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனியாகக் கொடுத்த 3,400 ரூபாய்தான் இந்த மொத்தப் பில்லில் நான் செய்த நல்ல செலவு.

இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, ஒட்டுப்பட்டையால் முன்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் கிரில்லுக்கும் உள்பக்கமாக அதே வலை. பக்கக் கதவை மூடியாகிவிட்டது. அதே கேம், அதே ஒரு மணி நேரம், அறையில் 36 டிகிரி. பிராசஸர் 82, ஹாட்ஸ்பாட் 92. முப்பது ரூபாய் வலை. மூன்று வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

தம்பி சிநேகிதனுக்கு வருகிறேன். இந்த லிஸ்டை அப்படியே எடுக்காதேப்பா. கார்டை முதல் நாளே வாங்குவதாக இருந்தால் 5600ஜி வேண்டாம், வெறும் 5600 போதும். அதில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் மெமரி இரண்டு மடங்கு, 32 எம்பி, பிசிஐஇ 4.0உம் உண்டு. கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மட்டும் 5600ஜி. ராம் விலையைப் பார்த்து அதிர்ச்சி அடையாதே. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பியதில், நான் 4,600க்கு வாங்கிய ராம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. யாராவது அண்ணன் பழைய டிடிஆர்4 பிசியைப் பிரித்து விற்றால் ராமை மட்டும் கேட்டு வாங்கு, இரண்டு குச்சியாக. ராமுக்கு அது பாதகமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பழசாக வாங்காதே. கேபினட் கடைக்குப் போகும்போது விளக்கை அணைக்கச் சொல்லிப் பார். முன்பக்கத்தில் கையை வை. உள்ளங்கையில் காற்று இழுப்பது தெரியவில்லை என்றால் பக்கத்துப் பெட்டிக்குப் போ.

என் பிசிக்கு மார்க் போடு என்றால், இந்த மாதம் பத்துக்கு ஐந்து. பிராசஸரும் கார்டும் மூன்றரை வருடத்தில் ஒருநாள்கூட என்னைக் கைவிடவில்லை, தெரிந்துதான் சொல்கிறேன். ஆனாலும் ஐந்துதான். மொத்தமாக இன்னொரு தடவை வாங்குவாயா என்றால் மாட்டேன்.

கழற்றிய கண்ணாடி பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. மழைக்காலத்துக்காவது திரும்ப மாட்டலாம் அக்கா என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.