எச்.எம்.வி. 102 கிராமபோன்: கடலோர வீட்டுக்கு வாங்கலாமா?

1925இல் மைக் வைத்து மின்முறைப் பதிவு தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த அரக்குத் தட்டுகளுக்கு மைக்கா சவுண்ட்பாக்ஸ் (ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் வட்டமான பாகம்) வைத்த பழைய குழல் பெட்டி போதாது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்தின் கனத்த நாதம், அதில் எழும்பவே எழும்பாது. 1931இல் வந்த எச்.எம்.வி. 102 கைப்பெட்டியில் தொப்பி ஓரளவு கேட்கிறது, சாகித்தியம் சொல் சொல்லாகப் புரிகிறது. அலுமினியத் தகடு வைத்த சவுண்ட்பாக்ஸும் பெட்டிக்குள் மடங்கிய குழலும்தான் காரணம். பாகவதர் தட்டுகள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இதைத் தேடலாம்.

தட்டு மின்முறைப் பதிவா என்று அறிய ஒரு வழி உண்டு. எச்.எம்.வி. தட்டில் மேட்ரிக்ஸ் எண்ணை (பதிவைக் குறிக்கத் தட்டில் பொறித்த எண்) அடுத்துச் சிறு முக்கோணம் இருந்தால் அது அமெரிக்க நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் மின்முறைப் பதிவு. சதுரம் இருந்தால் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் உருவாக்கிய மின்முறை.

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் மினுக்கத்தில் மயங்காமல் மோட்டாரைப் பாருங்கள். முழுச் சாவி கொடுத்து ஓடவிடுங்கள். நடுவில் ‘டொம்’ என்று அடித்து வேகம் குலுங்கினால் ஸ்பிரிங்கில் கிரீஸ் இறுகிவிட்டது. சாவி முழுவதும் இறங்கிய பிறகே ஸ்பிரிங் டப்பாவைத் திறக்க வேண்டும். விசையோடு திறந்தால் கை கிழியும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, கிராஃபைட் கிரீஸ் தடவினால் சரியாகும். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் வட்டை உரசும் ஃபெல்ட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசினாகிவிடும்.

குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கரகரத்தால் சவுண்ட்பாக்ஸின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கலாம், மாற்றிவிடலாம். உப்புக்காற்றில் அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தால் அந்த சவுண்ட்பாக்ஸை நம்பாதீர்கள்.

ஊசி, ஒரு பக்கத்துக்கு ஒன்று. அரக்கோடு கலந்த கல்மாவு எஃகு ஊசியைத் தட்டிலுள்ள காடியின் (ஊசி ஓடும் பள்ளக்கோட்டின்) வடிவத்துக்குத் தேய்த்துவிடும். அதே ஊசியை அடுத்த பக்கத்தில் வைத்தால் அதன் விளிம்பு காடியைச் சீவும். துருப்பிடித்த ஊசியும் அப்படித்தான், ஆகவே இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பிற்கால வினைல் எல்.பி. தட்டை இதில் வைக்கவே வேண்டாம். ஒரே ஓட்டத்தில் பாழாகும்.

வேகத்தைச் சரிபார்க்கத் தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு செருகி, பாடும்போதே ஒரு நிமிடம் எண்ணுங்கள். 78 சுற்று வர வேண்டும்.

எச்.எம்.வி.யின் நாய்ப்படம் ஒட்டிப் பழம்பொருள் என்று விற்கும் புதுப் பித்தளைக் குழல் பெட்டிகள் பக்கமே போகாதீர்கள். 102 பெட்டியிலேயே வேறு சவுண்ட்பாக்ஸ் மாட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மேலுறை உரிந்திருப்பது பெரிய குறையல்ல, ஒட்டிக்கொள்ளலாம்.