ஃபேகினின் மூக்கு

சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் சுருக்கப் பதிப்பு நான்-டீடெய்லாக இருந்த வருஷங்களில், சிறுவர்களைப் பிக்பாக்கெட் அடிக்கப் பழக்கும் யூதக் கிழவன் ஃபேகின் வரும் இடத்தை வகுப்பில் நடித்தே காட்டுவேன். கூன் போட்டு, கையைப் பிசைந்து, மூக்கால் பேசினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களும் சரி, நானும் சரி, அதுவரை ஒரு யூதரையும் நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபின் அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரின் 'ஃபேகின் தி ஜூ' (யூதன் ஃபேகின்) கைக்கு வந்தபோது அந்தச் சிரிப்புதான் முதலில் காதில் விழுந்தது.

2003இல் வந்த கிராஃபிக் நாவல், அதாவது படக்கதையாகவே சொல்லப்படும் நாவல் இது. நான் வாங்கியது டார்க் ஹார்ஸ் 2013இல் போட்ட கெட்டி அட்டைப் பதிப்பு. படங்கள் எல்லாம் ஒரே பழுப்பு. காபி டிகாஷனில் தண்ணீர் விட்டுத் தீட்டினாற்போல லண்டன் சந்துகள்.

தூக்குக்கு முன் சிறையில் தன்னைப் பார்க்க வரும் டிக்கன்ஸிடம் ஃபேகினே தன் கதையைச் சொல்கிறான். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்து முன்பே காலூன்றிய செஃபார்டி யூதர்கள் ஒரு பக்கம். ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பின்னால் வந்த ஏழை அஷ்கெனாசிகள் இன்னொரு பக்கம். சொந்த ஜனத்துக்குள்ளேயே வாசலில் நிற்க வேண்டியவன் ஃபேகின். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். மூக்கும் இங்கிருந்துதான் மாறுகிறது. அன்றைய லண்டனின் ஏழை யூதர்களுக்கு ஜெர்மானிய முகச்சாயல்தானே இருந்திருக்கும் என்று கேட்டு, நாவலுக்குப் படம் போட்ட ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்கின் கழுகு மூக்கை எடுத்துவிட்டு, தாடி வைத்த சாதாரணக் கிழவர் ஒருவரை வரைகிறார் ஐஸ்னர்.

இதைச் சொல்ல இவர் யார்? 1940இல் தொடங்கிய தன் 'தி ஸ்பிரிட்' தொடரில் எபனி என்ற கறுப்பினச் சிறுவனைத் தடித்த உதட்டோடு கேலிச்சித்திரமாக வரைந்தவர் இவரே. இந்தப் புத்தகத்தின் முன்னுரையில் அதை மறைக்காமல் பேசுகிறார். அதனால்தான் தொடர்ந்து படித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஃபேகின் நல்லபடியாகத் தலையெடுக்கப் போகும்போதெல்லாம் விதி வந்து காலை வாருகிறது. நாலாவது தடவை எனக்கே அலுத்துவிட்டது. ஆலிவர் கதை ஓட்டமாய் ஓடுகிறது, திருட்டுக் கூட்டத்துப் பெண் நான்ஸிக்கு நாலு கட்டம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. முடிவில் வரும் தற்செயல்கள் நம் பழைய படங்களின் மச்சம், டாலர் ரகம். (டிக்கன்ஸும் அதில் சளைத்தவர் இல்லை.) நாவலில் கையில் நீள முள்கரண்டியோடு சாசேஜ் வாட்டிக்கொண்டே 'மை டியர்' என்று கொஞ்சுவானே, அந்த ஃபேகினிடம் இருந்த பயமும் வசீகரமும் இவனிடம் இல்லை. பாவம், ரொம்பவே வெளுத்துவிட்டான்.

ஆனால் அந்தச் சிறைக் காட்சி! கொள்ளைக்காரன் பில் சைக்ஸை வைத்துக் கிறிஸ்தவர்களை எடைபோடாத நீங்கள் என்னை வைத்து யூதர்களை எடைபோடலாமா என்கிற பொருளில் ஃபேகின் கேட்கிறான். நிஜத்தில் அந்தக் கேள்வியைக் கடிதத்தில் கொண்டுவந்தவர் எலிசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி. 1860இல் டிக்கன்ஸின் வீட்டை வாங்கியவரின் மனைவி. 1863இல் அவர் எழுதியபோது டிக்கன்ஸ் முதலில் சமாளித்தார். 1867 பதிப்பில் பின்பகுதி அத்தியாயங்களில் 'யூதன்' என்ற சொல்லைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு 'ஃபேகின்' என்று மாற்றினார்.

பழைய சகா ஒருவர் இரவல் கேட்டிருக்கிறார். முதலில் நாவலைப் படித்துவிட்டு வாரும் ஐயா, சுருக்கம் வேண்டாம், முழுசாக, என்று சொல்லியிருக்கிறேன்.