கண்ணடி கன்சீலர்: சிவந்த நிறத்துக்கு எந்த ஷேடு, எந்த பிராண்டு? டெல்லிக் கடைகளில் வாங்குபவர்களுக்கு

லஜ்பத் நகர் சென்ட்ரல் மார்க்கெட்டிலோ கரோல் பாகிலோ கன்சீலர், அதாவது கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை மறைக்கப் போடும் கிரீம், கேட்டு நின்றால், கவுன்டரில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தால் போதும், இருப்பதிலேயே வெளுத்த ஷேடை எடுத்து நீட்டிவிடுவார். அதை அப்படியே வாங்கிவந்து போட்டால் கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விழும், கருவளையம் முன்னைவிட எடுப்பாகத் தெரியும். கன்சீலருக்கு வெளுப்பைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. நீலமோ ஊதாவோ ஓடுகிற தோலின் மேல் இந்த வெள்ளை மெல்லிசாகப் படியும்போது அடியில் உள்ள நிறம் மறைவதில்லை, இரண்டும் கலந்து சாம்பலாகிவிடுகிறது. நிறம் எவ்வளவு சிவப்போ அவ்வளவு இது பளிச்சென்று தெரியும். ஆகவே 'ஃபேர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. வளையத்தின் நிறம், தோலின் அடிச்சாயல் (மேல் நிறத்துக்கு அடியில் ஓடும் மஞ்சளோ இளஞ்சிவப்போ) இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வளையத்தின் நிறத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பகல் பதினொரு மணி வாக்கில் ஜன்னலோரம் கண்ணாடியோடு நின்று, கீழிமைத் தோலை விரல் நுனியால் மெதுவாகக் கன்னத்துப் பக்கம் இழுங்கள். இழுக்க இழுக்க நீலமும் ஊதாவும் கூடுதலாகத் தெரிந்தால், அது உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களின் நிறம். கண்ணிமைத் தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். சிவந்தவர்களுக்கு அதில் நிறமியும் குறைவு என்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. இழுத்தாலும் பழுப்பு நிறம் மாறாமல் தோலோடு சேர்ந்தே நகர்ந்தால் அது நிறமி. இது குடும்ப வாகாக வருவதுண்டு, கண்ணைக் கசக்கிக் கசக்கி வருவதும் உண்டு. டெல்லித் தூசியில் அலர்ஜி பிடித்துக் கண் அரிப்பவர்கள் கன்சீலருக்குச் செலவழிக்குமுன் அரிப்புக்கு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மூன்றாவது வகை, தலையை நிமிர்த்தி வெளிச்சத்தைப் பார்த்ததும் மறைந்துவிடும். அது வெறும் நிழல், கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தால் விழுவது. பெரும்பாலோருக்கு இவற்றில் குறைந்தது இரண்டு வகை கலந்திருக்கும்.

நீலமும் ஊதாவும் இருந்தால் கன்சீலருக்கு முன் கலர் கரெக்டர், அதாவது வளையத்தின் நிறத்தை எதிர் நிறத்தால் அடக்கும் கிரீம், தேவை. இதில் நம் கடைகளில் நடக்கும் பெரிய தவறு, யாருக்கானாலும் ஆரஞ்சை எடுத்துக் கொடுப்பது. எல்.ஏ. கேர்ல் எச்டி ப்ரோ கன்சீல் வரிசையின் ஆரஞ்சு கரெக்டர் நல்ல சரக்குதான், ஆனால் அது மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் உரியது. சிவந்த தோலில் அந்த ஆரஞ்சு கன்சீலரையும் மீறி மேலே வரும். அதை மறைக்க இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் பவுடர் என்று போனால், ஒரு மணி நேரத்தில் கண்ணடிச் சுருக்கங்களில் எல்லாம் சேர்ந்து கோடு கோடாக நிற்கும். சிவந்த நிறத்தில் நீல வளையம் உள்ளவர்களுக்கு வெளிர் இளஞ்சிவப்புக் கலந்த பிஸ்க் வகை போதும். பழுப்பு வளையமானால் வெளிர் பீச். பாபி பிரவுன் கரெக்டர் இந்த இரண்டு வரிசையிலும் வருகிறது: பிஸ்க் என்று பெயர் வருபவை இளஞ்சிவப்புப் பக்கம், பீச் என்று வருபவை மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் பக்கம். 1.4 கிராம் டப்பாதான், விலையைப் பார்த்தால் தயக்கம் வரும். ஒரு கண்ணுக்குக் கடுகளவுதான் எடுக்கிறோம் என்பதால் நெடுநாள் வரும். இந்த வரிசையில் நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் பொருள் இது. கெட்டியான கிரீம் என்பதால் மோதிர விரலில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் போட வேண்டும். டப்பாவிலிருந்து நேரே போட்டால் திட்டுத் திட்டாக ஒட்டும்.

அடிச்சாயலுக்கு மணிக்கட்டு நரம்பைப் பார்ப்பார்கள். நம்மவர்களுக்கு அது சரிவராது. சிவப்பாக இருக்கும் தமிழர்கள் பலருக்கும் அடியில் மஞ்சள் ஓடும், சிலருக்குப் பச்சை கலந்த ஆலிவ் சாயல் இருக்கும். நரம்பு பாதி பச்சை, பாதி நீலம் என்று குழப்பும். கடையில் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதுதான் வழி. இளஞ்சிவப்புச் சாயலில் ஒன்று, மஞ்சள் சாயலில் ஒன்று எடுத்து, வளையம் முடிந்து கன்னம் தொடங்கும் இடத்தில் இரண்டு கோடாகப் போடுங்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு என்பதால் புறங்கையில் போட்டுப் பார்ப்பது வீண். பிறகு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். "பாஹர் ரோஷ்னி மே தேக் கே ஆதி ஹூன்" (வெளியே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருகிறேன்) என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தோலின் எண்ணெய் கலந்ததும் சில கன்சீலர்கள் அரை ஷேடு கருத்து ஆரஞ்சுப் பக்கம் போகும். போட்ட கையோடு பில் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். எந்தக் கோடு தோலில் கரைந்துபோகிறதோ அந்தச் சாயல்தான் உங்களுடையது. ஷேடு கன்னத்தின் நிறமாகவே இருக்கலாம், மிஞ்சிப்போனால் ஒரு படி வெளுப்பு. இரண்டு படி போனால் போட்டோவில் ஆந்தைக் கண்.

டெஸ்டரின் குச்சியைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. பஞ்சு மொட்டு கேட்டால் தருவார்கள்.

இனி பிராண்டுகள். மேபெல்லின் ஃபிட் மீ கன்சீலர், 6.8 மில்லி, சுமார் 600 ரூபாய். மெல்லிய திரவம், மறைப்பு நடுத்தரம், காய்ந்தால் பளபளப்பு இருக்காது. நறுமணம் சேர்க்காதது என்பது கண்ணருகே போடுபவர்களுக்கு முக்கியம். இதில் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள், எண் ஏற ஏற ஷேடு கருக்கும். 15 இளஞ்சிவப்புப் பக்கம் சாயும், 20 மஞ்சள் பக்கம். மஞ்சள் சாயல் உள்ள சிவந்த தமிழ் முகங்களுக்கு முதலில் 20-ஐப் போட்டுப் பார்ப்பேன், அது கருப்பாகத் தெரிந்தால்தான் 10. முதல்முறை வாங்குபவர்களுக்கு இதைத் தாண்டிப் போக அவசியமில்லை. குறை ஒன்று உண்டு: பழுப்பு வளையம் அழுத்தமாக இருந்தால் இது தனியாக மறைக்காது, கரெக்டர் வேண்டும்.

அதே மேபெல்லினில் இன்ஸ்டன்ட் ஏஜ் ரிவைண்ட் இரேசர், தலையில் ஸ்பாஞ்ச் வைத்தது. கன்சீலர் ஈரப்பதமாக நன்றாகப் படர்கிறது. ஆனால் அந்த ஸ்பாஞ்ச் கணிசமான சரக்கைக் குடித்துவிடுகிறது, தோலைத் தொட்ட அழுக்கு அங்கேயே தங்குகிறது, கழுவவும் முடியாது. கண்கட்டி அடிக்கடி வருபவர்கள், லென்ஸ் போடுபவர்கள் இதை விட்டுவிடலாம். வாங்கினால் ஸ்பாஞ்சிலிருந்து சுத்தமான விரலில் எடுத்துப் போடுங்கள், வீட்டில் அக்கா தங்கையோடு பகிர வேண்டாம்.

நார்ஸ் ரேடியன்ட் கிரீமி கன்சீலர் 6 மில்லி, மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஃபிட் மீயில் ஒரு மில்லி 90 ரூபாய்க்குள் என்றால் இதில் 500. அந்த வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், மறைப்பு அதிகம், தோல் வறண்டு தெரியாது, சுருக்கத்தில் விழுந்தாலும் விரலால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி சமமாகிவிடும். முப்பத்தைந்து நாற்பது வயதுக்கு மேல், கண்ணடியில் மெல்லிய கோடுகள் விழுந்தவர்களுக்கு இந்தப் பணம் தகும். இதன் ஷேடுகளில் சான்டிலி மிக வெளுப்பு, நம்மில் அரிதானவர்களுக்கே பொருந்தும். வெனிலாவில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும். கஸ்டர்ட் மஞ்சள். பெயர் பட்டியலில் நடுத்தர நிறம் என்று இருந்தாலும், நம்மூர்ச் சிவப்புக்குப் பெரும்பாலும் கஸ்டர்ட்தான் உட்காரும்.

மேக் ஸ்டூடியோ ஃபிக்ஸ் 24 மணி நேரக் கன்சீலர் 7 மில்லி. விலை இரண்டாயிரத்துக்கு மேல். மறைப்பில் இந்த நான்கில் இதுதான் முதலிடம், சீக்கிரம் காய்ந்து பளபளப்பில்லாத 'மேட்' ஆகிவிடும். ஒரு கண்ணை முடித்துவிட்டுத்தான் அடுத்த கண்ணுக்குப் போக வேண்டும், இரண்டுக்கும் ஒன்றாகப் புள்ளி வைத்தால் இரண்டாவது கண் இறுகிவிடும். ஷேடு எழுத்தில் கவனம்: மேக்கில் என்சி என்று தொடங்குபவை மஞ்சள் சாயல் தோலுக்கு, என்டபிள்யூ இளஞ்சிவப்புச் சாயலுக்கு. மற்ற பிராண்டுகளில் சி என்றால் இளஞ்சிவப்பு, டபிள்யூ என்றால் மஞ்சள் என்று பழகியவர்கள் இங்கே தலைகீழாக வாங்கிவிடுவார்கள். என்சி 20, 25 இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்.ஏ. கேர்ல் கன்சீலர் விலை குறைவு, 8 கிராம் குழாய், நல்ல மறைப்பு. முகப்பரு வடுவுக்குத் தாராளமாக வாங்கலாம். கண்ணுக்குக் கீழே கெட்டியாகி வெடிப்பதால் அங்கே வேண்டாம்.

போடும் அளவில்தான் பாதி வேலை. முதலில் கண்ணடிக்கு மாய்ஸ்சரைசர், பாசிப்பயறு அளவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. ஐந்து நிமிஷம் கழித்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். சன்ஸ்கிரீன் போட்டால் அதுவும் நன்றாகப் படிய வேண்டும், ஈரமாக இருக்கும்போதே கன்சீலர் போட்டால் இரண்டும் உருண்டு உருண்டு வரும். கரெக்டர் நிறம் மாறிய இடத்தில் மட்டும். அதன் மேல் கன்சீலர் ஓர் அரிசி அளவு: மூக்கோரத்து உள்மூலையில் ஒரு புள்ளி, வெளிமூலையில் ஒரு புள்ளி. தலைகீழ் முக்கோணமாகக் கன்னம் வரை இழுப்பது ஸ்டூடியோ விளக்குக்குச் சரி, மெட்ரோவில் ஆபீஸ் போகிறவர்களுக்குச் சுமை. இமை மயிருக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட வேண்டும், அங்கே போட்டது கண்ணுக்குள் இறங்கும் அல்லது முதலில் சுருங்கும். முப்பது நொடி அப்படியே விட்டுவிட்டு மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். தேய்த்தால் அடியில் உள்ள கரெக்டர் பெயர்ந்து வரும். கடைசியில் மேலே பார்த்தபடி சுருக்கங்களை விரலால் ஒற்றிச் சமப்படுத்தி, அந்த நொடியே சிறிய பிரஷ்ஷில் பவுடர் தொட்டு வையுங்கள். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கன்சீலர் கோட்டில் போய் உட்கார்ந்துவிடும், பவுடர் அந்தக் கோட்டை அப்படியே பூட்டிவிடும். கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் வெறும் சிலிக்காவாலான எச்டி பவுடர் வேண்டாம், ஃபிளாஷ் பட்டால் கண்ணடி வெள்ளையாகும்.

நிழல் வகைக்கு வேறு முறை. பள்ளத்தின் கோட்டில் மட்டும் நூல் போல ஒரு படி வெளுத்த ஷேடு. மேலே வீங்கிய பை இருந்தால் அதன் மேல் வெளுத்த ஷேடு படவே கூடாது, வீக்கம் முன்னே துருத்தித் தெரியும்.

டெல்லி வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே கன்சீலர் ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வறண்ட காற்றும் அறை ஹீட்டரும் சேர்ந்து கண்ணடித் தோலை இழுத்துப் பிடிக்கும். அப்போது மேட் கன்சீலர் மதியத்துக்குள் பாளம் பாளமாக வெடிக்கும். நார்ஸ் போன்ற கிரீம் வகையும் மிகக் குறைந்த பவுடரும் அந்த மாதங்களுக்கு. மே, ஜூனில் அது வழியும். ஃபிட் மீ, மேக் இரண்டும் அப்போது நிற்கும். ஜூலையில் மழைப் புழுக்கம் வந்தால் அளவைப் பாதியாக்கிவிடுங்கள்.

வாங்கும் இடம்: மேக், நார்ஸ் இரண்டையும் சாகேத் செலக்ட் சிட்டிவாக் போன்ற மால்களில் டெஸ்டரோடு பார்க்கலாம். கடையின் கூரை விளக்குகளின் கீழ் முடிவு செய்யாமல், மால் வாசல் வரை நடந்து வந்துவிடுங்கள். பாபி பிரவுனும் அப்படியே. ஃபிட் மீக்கு மயூர் விஹார், ஆர்.கே. புரம் பக்கத்து நல்ல காஸ்மெடிக் கடையே போதும், சீல் பிரிக்காததா என்று மட்டும் பாருங்கள். சதர் பஜாரில் பிரஷ், ஸ்பாஞ்ச், பவுச் மலிவாக வாங்கலாம். கண்ணுக்குப் போடும் பொருளை எந்த மொத்தச் சந்தையிலும் பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கின் அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவுச் சான்று எண், எம்ஆர்பி நான்கும் இருக்க வேண்டும். உள்நாட்டுச் சரக்கில் உற்பத்தி உரிம எண். எழுத்து மங்கியிருந்தாலோ குழாயில் உள்ள ஷேடு எண்ணும் அட்டையில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழாயின் பின்னால் திறந்த டப்பா படத்தில் 6 எம், 12 எம் என்று இருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது. திறந்த தேதியைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்கு முன்பே எண்ணெய் தனியாகப் பிரிந்தாலோ வாடை மாறினாலோ, கண்ணில் தொற்று வந்து போயிருந்தாலோ, பாதி மீதம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.