ஆறு டேப், இருபத்து நாலு பிள்ளைகள், மூன்று வருடம்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1 முதல் 3 வரை என் பொறுப்பு. அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான எண்ணும் எழுத்தும் முறையில் நடக்கிற வகுப்பு. மொத்தம் 24 பேர். பழைய மாணவர்கள் பணம் போட்டு 8 அங்குல டேப்லெட் ஆறு வாங்கித் தந்து மூன்று வருடம் ஆகிறது. இன்று ஓடுவது ஐந்துதான்.

முதல் வாரமே ஒருவன் ஓடி வந்தான். "டீச்சர், டேப் பேயாட்டம் ஆடுது!" பார்த்தால், சிலேட்டு அழிக்கிற பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருக்கிறான். விரல் படும்போது உண்டாகும் மின்மாற்றத்தை வைத்துத்தான் இந்தத் திரை வேலை செய்கிறது. எச்சில் பட்டால் எது விரல் என்று அதற்குப் புரியாது. சாம்பார்க் கைக்கும் இதே கதி. அதனால் எங்கள் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டேப் கிடையாது.

இன்னொரு தலைவலி, யூடியூபுக்கு நழுவுவது. ஆண்ட்ராய்டு அமைப்புகளிலேயே செயலியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அது தெரிய எனக்கு ஒரு பருவம் ஆனது! இணையம் எங்கள் ஊரில் வரும், போகும். ஸ்டோரிவீவர் தளத்துத் தமிழ்க் கதைகளை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன். இலவசம், படங்களும் அழகு.

எழுத்துப் பயிற்சிக்கு டேப் உதவும் என்று நம்பித்தான் ஏமாந்தேன். விரலால் 'ண' வரைந்தால் நட்சத்திரம் கொட்டும் செயலி ஒன்று. ஒரு பிள்ளை நாற்பது நட்சத்திரம் வாங்கிவிட்டாள். பென்சிலைக் கொடுத்தால் இரண்டு சுழியோடு நின்றுவிடுகிறாள், பிடியும் இறுகவில்லை. வழுக்குகிற கண்ணாடி வேறு, உராய்கிற காகிதம் வேறு. மறுபடி மணலுக்கும் புளியங்கொட்டைக்கும் திரும்பிவிட்டோம்.

எழுத்து இப்போதுதான் பழகுகிற அரும்பு நிலைப் பிள்ளையையும் நன்றாக வாசிக்கிற மலர் நிலைப் பிள்ளையையும் ஒரே டேப்பில் உட்கார வைத்தால் மலர் பிடுங்கிக்கொள்ளும், அரும்பு வேடிக்கை பார்க்கும். பல மாதம் திட்டிப் பார்த்துவிட்டு ஒரு விதி போட்டேன்: கை அரும்புக்கு, வாய் மலருக்கு. பெரியவள் சொல்லத்தான் செய்யலாம், தொடக் கூடாது. "அட, அது இல்லடா, கொம்பு வச்சது!" என்று அவள் கத்துவதில் இவனுக்கு 'கெ' வந்துவிடுகிறது.

அந்த ஆறாவது டேப் என் தவறு. மே விடுமுறையில் சார்ஜ் சுத்தமாக இறங்கிய நிலையில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஜூனில் எடுத்தால் பேட்டரி உப்பி, பின்மூடி எழும்பி நின்றது. இப்போதெல்லாம் பாதி சார்ஜில் அணைத்து வைக்கிறேன்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, டேப்போடு கூடவே வந்த குரல் பதிவுச் செயலியைத்தான். பத்து வரி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வேன், உடனே போட்டுக் காட்டுவேன். ஒருத்தி 'பளம்' என்று வாசித்தாள். நான் திருத்தவே இல்லை. கேட்டுவிட்டு, "இது நானா டீச்சர்?" என்றாள். பிறகு நாக்கை மடித்து அவளாகவே மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

ஜனவரியில் பெற்றோர் கூட்டம். நூறு நாள் வேலைக்குப் போகிற அவள் அம்மாவுக்கு ஜூன் பதிவையும் அந்த மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். புதியதைத்தான் மறுபடி கேட்பார் என்று நினைத்தேன். "அந்தப் பழசைப் போடுங்க டீச்சர்" என்றார். "பாப்பா குரலு அப்ப எவ்வளவு சின்னதா இருந்திருக்கு."