கரண்ட் பில்லைப் பாதியாக்கும் பெட்டி: வாங்காதீர்கள், முதலில் மீட்டரைப் பாருங்கள்

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் கிளாம்ப் மீட்டரும் (வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) ஒரு சின்ன மோட்டாருமாக இரண்டு பேர் வீடு வீடாக வருகிறார்கள். "ஈபி ஆபீஸ் மூலமா வர்றோம்மா, கவர்மெண்ட் அப்ரூவல் ஆனது" என்கிறார்கள். பிளக்கில் சொருகும் ஒரு வெள்ளைப் பெட்டி, முகப்பில் பச்சை விளக்கு. இதை மாட்டினால் பில் பாதியாகும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பில்லில் ஒரு யூனிட்கூட குறையாது. மின்வாரியம் வீடு வீடாக ஆள் அனுப்பி எந்தப் பெட்டியும் விற்பதில்லை.

அண்மையில் இப்படிப் பெட்டி வாங்கிய ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், தனித்தனி இணைப்பு, தனித்தனி மீட்டர். கீழ் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் அளவில் வந்துகொண்டிருந்தது திடீரென்று 640 ஆனது. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணச் சலுகையும் போய்விடும். அதனால் யூனிட் ஒன்றரை மடங்கு ஆனால் பணம் அதைவிட அதிகமாக ஏறும். அந்தப் பதற்றத்தில் இருக்கும்போது வாசலில் பெட்டிக்காரர்கள். பெட்டி மாட்டியும் அடுத்த பில் அப்படியே வந்தது. பிறகு கூப்பிட்ட எலெக்ட்ரீஷியன், வீடு முழுக்க வயர் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுமே வீண் செலவு. உண்மையான கோளாறு ஒரே ஒரு நியூட்ரல் வயரில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரில் இருந்தது.

முதலில் பெட்டி. அதைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டரும் (மின்னூட்டத்தைச் சேர்த்துத் திருப்பி விடும் உதிரி) எல்இடி விளக்குக்கான சில உதிரிகளும்தான். கெபாசிட்டர் பெரும்பாலும் 5 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கும் கீழே. 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் சுமார் 0.36 ஆம்பியர். இது மோட்டாரின் காந்தப் புலத்துக்காகப் போய் வரும் கரண்ட்டை ஈடுகட்டும். செலவாகும் வாட்ஸைத் தொடாது. வீட்டு மீட்டர் பதிவு செய்வதோ செலவான வாட்ஸை மட்டும்.

அவர்கள் சின்ன மோட்டாரைக் கொண்டுவருவதற்குக் காரணம் இதுதான். சுமை இல்லாமல் சும்மா சுற்றும் மோட்டார் 0.60 ஆம்பியர் காட்டும் என்று வையுங்கள், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் செலவாகும் பங்கு) 0.3. செலவு 230 × 0.60 × 0.3, அதாவது 41 வாட்ஸ். பெட்டியைச் சொருகியதும் கிளாம்ப் மீட்டரில் 0.28 ஆம்பியர். "பாதிக்கும் கீழ வந்துருச்சு பாருங்க" என்பார்கள். ஆம்பியர் இறங்கியது உண்மை. பவர் ஃபேக்டர் அதே அளவுக்கு ஏறியதால் செலவு இன்னும் 41 வாட்ஸேதான். கிளாம்ப் மீட்டர் காட்டுவது ஆம்பியரை, நாம் காசு கட்டுவது யூனிட்டுக்கு. "அதே மோட்டாரை எங்க மீட்டர்ல ஓட்டி, சிவப்பு விளக்கு சிமிட்டுறதை எண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ண வேண்டும். பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் சிமிட்டும் வேகம் மாறாது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் முகப்பில் 3200 அல்லது 1600 போன்ற ஒரு எண்ணும் பக்கத்தில் பல்ஸ் அளவும் அச்சிட்டிருக்கும். 3200 என்றால் 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். 1000 வாட்ஸ் ஹீட்டரை மட்டும் ஓட்டினால் 10 சிமிட்டலுக்கு 11 வினாடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். 1600 மீட்டர் என்றால் இருபத்திரண்டரை வினாடி. 1000 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் வோல்டேஜ் கூடினால் குறைந்தால் கொஞ்சம் மாறும், அது சரிதான். 3200 மீட்டரில் எட்டு வினாடியிலேயே பத்து சிமிட்டினால்தான் யோசிக்க வேண்டும். அயர்ன் பாக்ஸை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது சூடேறியதும் தானே அணைந்துவிடும். கணக்கு தவறிப்போகும்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருந்த எம்சிபி (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்) எல்லாவற்றையும் கீழே தள்ளிப் பார்த்தபோதும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கூடவே மீட்டரில் எர்த் லீக்கேஜுக்கான, அதாவது கரண்ட் மண்ணுக்குக் கசிவதைக் காட்டும் இன்னொரு விளக்கும் எரிந்தது. இங்கேதான் விஷயம். இப்போது போடப்படும் பெரும்பாலான சிங்கிள் ஃபேஸ் மீட்டர்கள் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் இரண்டிலும் கரண்ட்டை அளக்கும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். கரண்ட் திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு இது. ஆனால் வயரிங் தவறாக இருந்தால் ஒரு தப்பும் செய்யாதவர் பணம் கட்டுவார்.

மாடி வீட்டுச் சமையலறைக்குப் புதிதாகப் பாயிண்ட் போட்டவர், ஃபேஸை மாடி மீட்டரிலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் பக்கத்தில் இருக்கிறதே என்று கீழ் வீட்டு நியூட்ரல் லிங்க்கில் (நியூட்ரல் வயர்கள் ஒன்றுசேரும் பட்டை) சேர்த்திருக்கிறார். மாடியில் ஃபிரிட்ஜும் இண்டக்ஷன் அடுப்பும் ஓடும்போது கரண்ட் மாடி மீட்டர் வழியாகப் போய், கீழ் மீட்டர் வழியாகத் திரும்புகிறது. மாடி மீட்டரும் எண்ணுகிறது, கீழ் மீட்டரும் எண்ணுகிறது. ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 1.2 யூனிட், 1600 வாட்ஸ் அடுப்பு ஒன்றரை மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். மொத்தம் 3.6. அறுபது நாளுக்கு 216 யூனிட். கூடுதலாக வந்த 220 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

எலெக்ட்ரீஷியன் இதைப் பார்க்கவில்லையா? பார்த்தார். கீழ் வீட்டு மெயினை அணைத்துவிட்டு நியூட்ரலில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "மெயின் ஆஃப்லயே நியூட்ரல்ல கரண்ட் வருதும்மா, வயரிங் மொத்தமும் போச்சு" என்று சொன்னார். அந்த வீட்டம்மா பயந்துவிட்டார். மெயின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டித்தால் கீழ் வீட்டு நியூட்ரல் எதிலும் சேராமல் தொங்கிப்போகும். மாடி ஃபிரிட்ஜ் வழியாக வந்த 230 வோல்ட் அதில் நிற்கும். டெஸ்டர் எரிந்தது வயர் கெட்டதால் இல்லை, அடுத்த வீட்டுச் சுமை இங்கே திரும்புவதால். இதே நேரத்தில் மாடியில் ஃபிரிட்ஜ் நின்றுபோயிருக்கும். அதை ஒருமுறை ஏறிப் பார்த்திருந்தால் போதும், கோளாறு கையில் கிடைத்திருக்கும். தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, எஸ்டிமேட் மட்டும் வீடு முழுக்க வயருக்கு வந்தது.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கீழ் வீட்டு நியூட்ரலைக் கழற்றுபவருக்கு ஷாக் அடிக்கும். நியூட்ரல்தானே என்று தொட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இணைப்பு உள்ள கட்டடத்தில் இரண்டு வீட்டு மெயினையும் அணைத்த பிறகுதான் டிபி பெட்டியை (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) திறக்க வேண்டும். வயர்மேன் உரிமம் உள்ளவரைத்தான் திறக்கச் சொல்ல வேண்டும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட்அவுட்டையும் (ஃபியூஸ்) மீட்டரின் சீலையும் யாரும் தொடக்கூடாது. "மீட்டரை ஸ்லோ பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் அது மின் திருட்டு, மூன்று ஆண்டு வரை சிறை. வழக்கு இணைப்பு யார் பேரிலோ அவர் பேரில் வரும்.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனைகள் சில. மெயினை அணையுங்கள், மீட்டர் விளக்கு சிமிட்டக்கூடாது. சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ எடுக்கிறார்கள் அல்லது மீட்டர் கெட்டிருக்கிறது. இரண்டுமே மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டியவை. அடுத்து மெயினை மட்டும் போட்டு எம்சிபி எல்லாவற்றையும் அணையுங்கள். அப்போது சிமிட்டினால் நியூட்ரல் எங்கோ கலந்திருக்கிறது அல்லது நியூட்ரல் எர்த்தோடு உரசுகிறது. சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும் என்பதை மறக்காதீர்கள். சிமிட்டவில்லையென்றால் ஒவ்வொன்றாகப் போட்டு, எதைப் போட்டதும் எர்த் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். அனேகமாக வெந்நீர் கீசராகவோ போர்வெல் மோட்டாராகவோ இருக்கும். கீசரில் ஹீட்டர் காயில் உறையில் ஓட்டை விழும். நீர்மூழ்கி மோட்டாரில் கேபிள் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கும். மோட்டாரை 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) சோதித்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும்.

எலெக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து அதன் கவ்வும் வாய்க்குள் விடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி பூஜ்யம் காட்ட வேண்டும். அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று நின்றால் அந்த அளவு கரண்ட் வேறு வழியில் போகிறது அல்லது வேறு வீட்டிலிருந்து வருகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் எஸ்டிமேட் போடுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தந்திரம்: 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று கூப்பிட்டால், அதைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று போவார்கள். லீக்கேஜ் அப்படியே இருக்கும், காப்பாற்ற இருந்த ஒன்றும் போய்விடும். வேலை முடிந்ததும் ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், வீடு முழுக்க அணைய வேண்டும். அணையாமல் ஏதாவது ஒரு லைன் எரிந்தால் அதைத் தாண்டிக் கொடுத்திருக்கிறார். அதேபோல் 16 ஆம்பியர் எம்சிபி விழுகிறது என்று 32 போட்டுவிட்டுப் போவார்கள். சுவருக்குள் பழைய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரே இருக்கும். எம்சிபி விழாது, வயர்தான் வேகும்.

அந்த வீட்டில் கடைசியில் செய்த வேலை இதுதான்: மாடிச் சமையலறை நியூட்ரலைக் கீழ் லிங்க்கிலிருந்து கழற்றி, புதிதாக 2.5 ஸ்கொயர் வயர் இழுத்து மாடி டிபியில் சேர்த்தார்கள். அரை நாள் வேலை. எர்த் விளக்கு அணைந்தது, எம்சிபி எல்லாம் கீழே இருக்கும்போது சிமிட்டலும் நின்றது.

இத்தனைக்குப் பிறகும் மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். ரசீதையும் விண்ணப்ப நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பெட்டிக்காரரைப் பற்றியும் அங்கேயே சொல்லலாம்.

பெட்டி ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்து சில நிமிடம் விட்டுப் பிடுங்குங்கள், பின்களை விரலால் தொடாதீர்கள். மலிவுக் கெபாசிட்டரில் மின்னூட்டம் இறங்காமல் நின்று ஷாக் அடிக்கும். பெட்டி உப்பியிருந்தாலோ கருகல் வாடை அடித்தாலோ முதலில் அந்த எம்சிபியை அணையுங்கள், அப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் போங்கள்.